சகலைகளுக்கு நடுவே ஒரு நீலம்

கார்டு விளையாட்டுக் கடையில் கிளம்பிய வதந்தி இதுதான்: சர்வேயர் தன் சொந்த அத்தானின் நீலத்தைத் திருடிவிட்டார். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. தெருமுனை தாண்டுவதற்குள் அதற்குக் கை கால் முளைத்துவிட்டது. அக்காவும் தங்கையும் முகம் பார்த்துப் பேசுவதில்லையாம். சர்வேயரின் வீட்டுக்காரர் நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிறாராம். மருந்துக்கடை அத்தானுக்கு அந்த அதிர்ச்சியில் ரத்த அழுத்தம் ஏறிவிட்டதாம்.

சரி, விசாரித்துத்தான் பார்ப்போமே என்று இறங்கினால், ரத்த அழுத்தம் உண்மை. ஆனால் அது பல வருடமாக அவரோடு குடியிருக்கிறது. அக்காவோ சிரிக்கிறார். "பேசுறதில்லையா? காலையிலேயே மூணு தடவை போன் பண்ணிட்டா. கொஞ்ச நாள் பேசாம இருந்தாத்தான் எனக்கு வீட்டு வேலை ஓடும்." வீட்டுக்காரர் முழிப்பதும் உண்மை. அவர் எப்போதுமே அப்படித்தான். மிச்சமிருப்பது திருட்டு. அதற்கு ஆளைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

சர்வேயர் என்றால் நிலம் அளக்கிறவர் இல்லை. இடிபட்ட கார்களைப் பார்த்து, இன்சூரன்ஸ் கம்பெனி எவ்வளவு கொடுக்கலாம் என்று எழுதுகிறவர். நாற்பதைத் தாண்டிய பெண்மணி. ஒர்க்‌ஷாப் ஒர்க்‌ஷாப்பாக அலைவார். கதவை இரண்டு தரம் திறந்து மூடுவார், பம்பரை முழங்காலால் ஒரு அழுத்து அழுத்துவார், "இதைத் தட்டி எடுத்துடலாம், இது மாத்தியே ஆகணும்" என்பார், அடுத்த வண்டிக்குப் போய்விடுவார். "மேடம், உட்காருங்க, டீ சொல்றேன்" என்று சொன்ன மெக்கானிக்குகள் உண்டு. அவர் உட்கார்ந்து பார்த்தவர்கள் இல்லை. இதற்கு முன் டிராவல்ஸ் ஆபீஸில் இருந்தார், பள்ளிக்கூட ஆபீஸில் இருந்தார், கூரியர் கம்பெனியில் இருந்தார். எல்லாவற்றையும் விட்டதற்கு ஒரே காரணம், நாற்காலி.

இப்படிப்பட்டவர் ஒரு மேஜை முன்னால் மணிக்கணக்காக உட்கார்வது கார்டு விளையாட்டுக்கு மட்டும்தான். அப்போதும் ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும்.

விளையாட்டு பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. இரண்டு மந்திரவாதிகள் சண்டை போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். படை, மிருகம், மந்திரம் எல்லாம் கார்டில் இருக்கும். அவற்றுக்கு ஐந்து நிறம். சிவப்பு முன்கோபி, யோசிப்பதற்குள் அடித்துவிடும். பச்சை தின்று கொழுத்த மிருகங்களாக வளர்த்து அனுப்பும். வெள்ளை, ரேஷன் கடை வரிசை போலச் சின்னச் சின்ன சிப்பாய்களை நிறுத்தும். கருப்பு தன் ரத்தத்தையே அடகு வைத்துக் காரியம் சாதிக்கும். நீலம் மட்டும் ஒன்றும் செய்யாது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். எதிராளி தன்னிடம் இருப்பதிலேயே பெரியதை ஆசை ஆசையாக எடுத்து வைக்கும்போது, "கூடாது" என்று ஒரு கார்டைப் போடும். அவ்வளவுதான். எல்லாக் குடும்பத்திலும் அப்படி ஒருவர் இருப்பார்.

இந்தக் குடும்பத்தில் அது மருந்துக்கடை அத்தான்.

அக்காவுக்குப் பித்தப்பை ஆபரேஷன் நடந்த அன்று, ஆஸ்பத்திரிக் காத்திருப்பு அறையில் டென்ஷன் தாங்காமல் அவர்தான் கீழே கடையிலிருந்து ஒரு டப்பா கார்டு வாங்கி வந்தார். பிரித்த கையோடு நீலத்தைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். அவருடைய சகலை, அதாவது சர்வேயரின் வீட்டுக்காரர், பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர், யானைப் படத்தைப் பார்த்துப் பச்சையை எடுத்துக்கொண்டார்.

"எனக்கும் அந்த நீலம் நல்லா இருக்கும்போலத் தெரியுதே அத்தான்" என்றார் சர்வேயர்.

"அதான் நான் எடுத்துட்டேனே. மிச்சத்துல எதையாவது கலந்து வெச்சுக்கோம்மா. உனக்குத்தான் எதுவும் ஒத்துப்போகுமே."

ஆபரேஷன் அன்று மத்தியானமே முடிந்துவிட்டது. அந்தப் பாகப்பிரிவினை மட்டும் வருடக்கணக்காக நின்றது. சொத்தைப் பிரித்தால் கூட யாராவது ஒருவர் கோர்ட்டுக்குப் போவார். இங்கே அதுவும் இல்லை.

வெள்ளிக்கிழமைகளில் கார்டு கடையில் தனி ஆட்டம். பஸ் டிரைவர் பச்சையை விட்டு அசைந்ததில்லை. ஒரே ரூட், ஒரே பஸ், ஒரே நிறம், படுத்ததும் தூக்கம். அவர் மனைவியோ வாரத்துக்கு ஒரு டெக், அதாவது ஆட்டத்துக்கான கார்டுக் கட்டு, கட்டினார். போன வாரம் சிவப்பும் வெள்ளையும் என்றால் இந்த வாரம் கருப்பும் பச்சையும். ஜெயித்தாலும் பிரித்துப் போடுவார், தோற்றாலும் பிரித்துப் போடுவார். சாப்பாட்டு மேஜை முழுக்கக் கார்டு.

"தட்டை எங்கதான் வெக்கிறது?"

"கையில வெச்சுக்கிட்டுச் சாப்பிடுங்க. அந்தக் குவியலைத் தொட்டீங்கன்னா தெரியும் சேதி."

கடையில் அவருக்குப் 'பச்சோந்தி' என்று பெயர் விழுந்தது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. இத்தனை மாற்றத்திலும் நீலம் ஒரு தடவைகூட வரவில்லை என்பதை மட்டும் அந்தக் கடையில் ஒருத்தரும் கவனிக்கவில்லை. வீட்டில் நீலத்துக்குத்தான் ஏற்கெனவே ஆள் இருந்தாரே.

வருடத்துக்கு ஒரு முறை மூன்று பேர் அணிப் போட்டி நடக்கும். மேஜைக்கு வந்து, பிரிக்காத கார்டு பேக்குகளைக் கொடுப்பார்கள். பிரித்து, வந்த கார்டுகளை மூன்றாகப் பங்கு போட்டு, ஒரு மணி நேரத்துக்குள் ஆளுக்கொரு டெக் கட்டியாக வேண்டும். ஒரு டெக்குக்கு நாற்பது கார்டு போதும். அதற்கு மேல் போனால் நல்ல கார்டு கைக்கு வருவது குறையும், ஆகவே கட்டுவதை விடக் கழிப்பதுதான் கஷ்டம். டிரைவருக்கு எந்த மிருகத்தையும் கழிக்க மனசு வராது. அத்தான் எல்லா "கூடாது" கார்டுகளையும் போட்டுவிட்டு, ஜெயிப்பதற்கு ஒன்றும் வைக்க மாட்டார். இரண்டையும் சர்வேயர்தான் சரி செய்வார். "இதைத் தூக்குங்க. இதையும். ஐயோ, இது எதுக்கு?" இருவரையும் கரையேற்றிவிட்டுத் திரும்பினால் மணி ஆகியிருக்கும். மேஜையில் யாருக்கும் வேண்டாத சிவப்பும் அதோடு சேராத கருப்பும் கிடக்கும். அதுதான் அவர் டெக். வருடா வருடம் அணி நடுவில் எங்கேயோ முடிந்தது.

இந்த வருடம் ஒரு நாள், நசுங்கிய வேன் ஒன்றின் அடியில் டார்ச்சோடு படுத்திருந்தபோது அவருக்கு முடிவாகிவிட்டது. நீலம் எனக்கு.

அதை அவர் மறைக்கவில்லை. போட்டியன்று காலைச் சாப்பாட்டில் சொன்னார், வீட்டுக்காரர் சிரித்தார். காரில் சொன்னார். "ஆமாமா, எனக்கு ரிட்டயர்மென்ட் கொடுத்துடு" என்றார் அத்தான். கடை வாசலில் மறுபடி சொன்னார், கடைக்காரர் மற்ற இருவரையும்விடப் பலமாகச் சிரித்தார். திருட வருகிறவர்கள் பொதுவாக இவ்வளவு தடவை முன்னறிவிப்புக் கொடுப்பதில்லை.

பேக்குகளைப் பிரித்தார்கள். அந்த வருடம் நீலம் கொட்டியது. நடுவில் 'ஆழ்கடல் அரசி' வந்தாள். அவள் மேஜையில் இருந்தால் எதிராளியின் பாதி மந்திரம் வேலை செய்யாது. அத்தான் பல வருடமாகத் தேடும் கார்டு. அவர் கை நீண்டது. அதற்குள் இன்னொரு உள்ளங்கை குவியல் மேல் உட்கார்ந்திருந்தது.

"கையை எடும்மா."

"நீலம் எனக்கு அத்தான்."

"நேரமாகுது, சும்மா இரு. சகலை, கொஞ்சம் சொல்லுங்க."

டிரைவர் கூரையில் இருந்த விளக்குகளை எண்ணிக்கொண்டிருந்தார். "எனக்குப் பச்சை இருந்தாச் சரி சகலை. மத்ததெல்லாம் உங்க குடும்ப விஷயம்."

"உங்க பொண்டாட்டி சார் அது."

"உங்க மச்சினிச்சியும்தான்."

"காலையிலேர்ந்து சொல்லிக்கிட்டே இருக்கேன்" என்றார் சர்வேயர். "காதுல விழலைன்னா நான் என்ன பண்ண?"

அத்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சுற்றிலும் நாலு மேஜை பார்த்துக்கொண்டிருந்தது. அவர் சிவப்புக் குவியலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

சர்வேயர் தன் டெக்கை இருபது நிமிடத்தில் கட்டி முடித்துவிட்டார். எதை எடுக்க, எதை விட என்று கை தயங்கவேயில்லை. வருடக்கணக்காக மனசுக்குள் கட்டிய டெக் அது. பிரச்சினை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. இன்னும் நாற்பது நிமிடம். வேலை இல்லை. எதிரே வீட்டுக்காரர் எல்லா ராட்சசனையும் ஒரே டெக்கில் ஏற்றிக்கொண்டிருக்கிறார், ஸ்கூல் பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றுவது மாதிரி. பக்கத்தில் அத்தான் சிவப்புக் கார்டுகளை மாத்திரைப் பட்டைகள்போல ஓரம் பார்த்து அடுக்குகிறார், ஒன்றையும் கழிக்கவில்லை. சர்வேயரின் விரல் நமநமவென்றது. அதைத் தூக்கு, இதைத் தூக்கு என்று வாய் வரை வந்தது. வேறு வழி தெரியாமல் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேல் உட்கார்ந்தார்.

"அம்மா, நாப்பத்தாறு இருக்கு" என்றார் அத்தான் மெதுவாக. "கொஞ்சம் பாரேன்."

"கை மரத்துப்போச்சு அத்தான்."

பொய் இல்லை. நிஜமாகவே மரத்துத்தான் போயிருந்தது.

முதல் சுற்றில் எதிராளி ஒரு சுண்டெலியை இறக்கினான். சர்வேயர் "கூடாது" என்றார். அடுத்து ஒரு வவ்வால். அதற்கும் "கூடாது". கடைசியில் அவன் டிராகனை இறக்கியபோது அவர் கையில் சொல்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. பொறுக்க முடியாமல் எழுந்து நின்றுவிட்டார். "மேடம், உட்கார்ந்து விளையாடுங்க" என்றார் நடுவர். நாற்காலி இங்கேயும் துரத்தி வந்துவிட்டது.

இரண்டாம் சுற்றில் கால் ஆடியது, மேஜை ஆடியது, எதிரே இருந்த பெண்ணின் தண்ணீர் பாட்டில் ஆடியது. ஆனால் வாய் திறக்கவில்லை. எலி வந்தது, வரட்டும். வவ்வால் கடித்தது, கடிக்கட்டும். அந்தப் பெண் கடைசியாக ஒரு பெரிய பிசாசை இரண்டு கையாலும் எடுத்து வைத்தாள்.

"கூடாது!"

வேண்டிய அளவை விட நாலு மடங்கு சத்தம். மூன்று மேஜை தள்ளி ஒருவர் தான் எதையோ தப்பாகச் செய்துவிட்டதாக நினைத்து, போட்ட கார்டைத் திரும்ப எடுத்துக்கொண்டார். பிறகு அரசி வந்து இறங்கினாள், சர்வேயர் ஜெயித்தார். மூன்றாவது சுற்றிலும் ஜெயித்தார். டிரைவரின் ராட்சசர்கள் சில நேரம் வந்தார்கள், சில நேரம் வழியிலேயே நின்றுவிட்டார்கள். அத்தான் ஒன்றிலும் ஜெயிக்கவில்லை. சிவப்பை வைத்துக்கொண்டு அவர் காத்திருந்தார். கடைசி ஆட்டத்தில் அவர் செத்தபோது கையில் மூன்று நெருப்பு மந்திரம் பத்திரமாக இருந்தது.

"எதுக்கு சகலை இதையெல்லாம் வெச்சிருந்தீங்க?"

"அவசரத்துக்கு."

அணி வழக்கம்போல நடுவில் முடிந்தது.

காரில் திரும்பினார்கள். சிக்னலில் நின்றபோது அத்தான் பின் சீட்டிலிருந்து தொண்டையைச் செருமினார். யார் எதை ஆடினார்களோ அது அவர்களுக்கு என்பது இவர்கள் வழக்கம். "அந்த அரசியை எனக்குக் கொடுத்துடும்மா. சும்மா வேண்டாம்." தன் பையிலிருந்து இரண்டு நல்ல வெள்ளைக் கார்டுகளை எடுத்து, முன் சீட்டுப் பக்கம் நீட்டினார். இரண்டுமே சர்வேயர் ஒரு காலத்தில் கேட்டு அவர் தராதவை. சர்வேயர் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

"அரசி டெக்குக்குள்ள இருக்கு அத்தான். பிரிச்சு எடுத்துத் தரேன்."

அந்த டெக்கை அவர் இன்னும் பிரிக்கவில்லை. சாப்பாட்டு மேஜையில் தட்டு வைக்க இடம் இருக்கிறது. வீட்டுக்காரருக்கு அது ஒரு மாதிரியாக இருக்கிறது, கார்டு இல்லாத மேஜையைப் பார்த்து உடம்புக்கு முடியவில்லையா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அதே நீலம். கால் மட்டும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது.

அத்தான் நேரில் கேட்டுப் பார்த்தார். தலைவலி மாத்திரை வாங்கச் சர்வேயர் மருந்துக்கடைக்கு வந்தபோது, மீதிச் சில்லறையைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார். "வேற பையில இருக்கு அத்தான்." சர்வேயரிடம் இருப்பது ஒரே பை.

நேற்று அக்காவை விட்டுப் போன் போடச் சொன்னார்.

"ஏண்டி, அவருக்கு ஏதோ கார்டு தரணுமாமே. ரெண்டு கொடுத்து வெச்சிருக்காராம். பக்கத்துலயே நின்னு உயிரை எடுக்கிறார்."

"வெள்ளிக்கிழமை ஆட்டம் முடியட்டும்னு சொல்லுக்கா."

"எந்த வெள்ளிக்கிழமைன்னு கேக்கிறார்."

"அக்கா, நான் ஒர்க்‌ஷாப்ல இருக்கேன். தகரம் தட்டுறாங்க, ஒண்ணும் கேக்கலை."

தகரம் தட்டுகிறவர் சாப்பிடப் போயிருந்தார்.