கோயில் கைபேசிக்குப் போன குறுஞ்செய்தி

மகளின் உதவித்தொகைக் கணக்கு பூட்டப்பட்டுவிட்டது என்று திரை அறிவித்தது. அவள் பிறவியிலேயே நடக்கவும் பேசவும் இயலாதவள். நான் வெளியே செல்லும் பொழுதுகளில் அவளைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணியை, மாற்றுத்திறனாளிகளுக்கான அந்த அரசுத் தொகையைக் கொண்டே அமர்த்தியிருந்தேன். அவள் விவரங்களை அன்று மாலைக்குள் இணையத்தில் உறுதிசெய்யாவிட்டால் தொகை நின்றுவிடும். விடுமுறை நாள், அலுவலகம் திறந்திராது. நானோ கடவுச்சொல்லைப் பலமுறை தவறாக இட்டிருந்தேன்.

கணக்கைத் திறப்பதற்கான சரிபார்ப்பு எண், பதிவுசெய்த கைபேசிக்கு அனுப்பப்படும் என்றது திரை. அது எந்தக் கைபேசி என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கணக்கைத் தொடங்கிய காலத்தில் நான் மலேசியாவின் ரெங்கம் ஊரில் எங்கள் கோயிலின் செயலாளர். கோயிலின் கைபேசி எந்நேரமும் என் சட்டைப்பையில் இருந்ததால் அதன் எண்ணையே கொடுத்திருந்தேன். பதவி விலகியபோது சாவிக்கொத்தோடு அதையும் ஒப்படைத்துவிட்டேன். இப்போது அது அர்ச்சனைச் சீட்டு விற்கும் முகப்பில் இருக்கிறது.

என் ஓய்வூதியத்திலேயே குடும்பம் நடக்கிறது என்று ஊரார் நம்பினர், நான் மறுத்ததில்லை. நம்மவர் அரசிடம் கையேந்துவது இழுக்கு என்று ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் முழங்கியவனும் நானே.

உச்சிக்காலப் பூசை முடிந்து கூட்டம் கலைந்திருக்கும் என்று எண்ணிச் சென்றேன். ஆனால் முகப்பருகே நிர்வாகக் குழுவினர் இருவர் அன்னதானத்துக்குப் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தனர். தூணின் மறைவில் நின்று என் கைபேசியில் சரிபார்ப்பு எண்ணைக் கேட்கும் பொத்தானை அழுத்தினேன். முகப்பில் மணி ஒலித்தது. நான் நெருங்குவதற்குள் சீட்டு விற்கும் அம்மாள் எடுத்துவிட்டார்.

"என்னமோ நம்பர் வந்திருக்கு லா. ஓ.கே.யூ. பந்துவான்னு போட்டிருக்கு. ஊனமானவங்களுக்குக் குடுக்குற உதவி கோயிலுக்கு எதுக்கு?"

"எவனோ கோயில் நம்பரைப் போட்டுட்டு ஒளிஞ்சு வாங்குறான்," என்றார் ஒருவர்.

"பாத்துப் பேசுங்க, சார் நிக்கிறாரு. கையேந்துறவங்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது," என்று மற்றவர் சிரித்தார்.

என்னை ஐயுற்றுச் சிரித்த சிரிப்பன்று அது. ஆயினும் திரும்பிப் போய்விடலாம் என்று கால்கள் சொல்லின.

"தப்பா வந்திருக்கும். அழிச்சிடவா, சார்?" அம்மாளின் பெருவிரல் திரைமீது நின்றது.

"அழிக்காதீங்கம்மா." முகப்பை ஒட்டி வந்து நின்றேன். "அது என் மகளுக்கு வந்தது."

கத்திகள் நின்றன. அம்மாள் இலக்கங்களை ஒவ்வொன்றாகப் படித்தார். விரல் தவறிய இடங்களில் அழித்து மீண்டும் இட்டேன். கணக்குத் திறந்தது. விவரங்களை உறுதிசெய்தேன்.

அத்துடன் வெளியேறியிருக்கலாம். அடுத்த முறையும் இங்கே வந்து நிற்க நேருமே என்ற அச்சம் விடவில்லை. கைபேசி எண்ணை மாற்றும் பகுதியைத் தொட்டேன். மாற்றத்துக்கு ஒப்புதல் பெறப் பழைய எண்ணுக்கே மற்றொரு செய்தி அனுப்பப்படும் என்ற வரியை நான் படித்து முடிக்குமுன் முகப்பில் மீண்டும் மணி ஒலித்தது.

"சார், உங்க மகளோட பந்துவான் நம்பர் இன்னொண்ணு வந்திருக்கு," என்று கூறி, வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த குடும்பத்துக்கும் கேட்கும்படி அம்மாள் உரக்கப் படிக்கத் தொடங்கினார்.