கடைமடையிலிருந்து படித்தவர்

வெள்ளிக்கிழமை காலை கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஃபோன் வந்தது. பழனியம்மாள் போய்விட்டார் என்றார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் அவர் வீட்டுக்குப் போவதாக இருந்தேன். என் புது நாவலின் கடைசி அத்தியாயத்தை மட்டும் படித்துவிட்டு, "அம்மாளும் மகளும் கட்டிப்புடிச்சு அழுகறாங்க. எனக்கு ஏனுங்க ஒண்ணுமே ஆகல? வாங்க, நடந்து பாக்கலாம்" என்று சொல்லியிருந்தார். இப்படிப் பாதியில் விட்டுவிட்டாரே என்று முதலில் கோபம்தான் வந்தது. அழுகை பிறகுதான் வந்தது.

நம் வாசகர் வட்டத்தில் அவரை அறியாதவர் இல்லை. தென்னந்தோப்புக்காரர், எந்த நாவலைக் கொடுத்தாலும் கடைசி அத்தியாயத்தைத்தான் முதலில் திறப்பார். முதல் கூட்டத்தில் அதைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"முடிவு தெரிஞ்சுட்டா அப்பறம் என்ன சுவாரஸ்யம் இருக்கும்?" என்று கேட்டேன்.

"ஏனுங்க, எங்க தோட்டம் வாய்க்காலோட கடைமடைங்க. தண்ணி வரலீன்னா அங்கிருந்து மேல நடந்துதான் எங்க கரை ஒடஞ்சிருக்குதுன்னு பாப்போம். மதகுகிட்ட நின்னா எப்பவும் பொங்கிட்டுத்தான் இருக்கும். அதையப் பாத்து என்னத்தக் கண்டுபுடிக்கறது?"

என் முதல் நாவல் அச்சுக்குப் போகும் முன் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது. அண்ணன் தங்கைக்கு நிலத்தை எழுதிக் கொடுப்பதோடு அது முடியும். எல்லோரும் பிரமாதம் என்றார்கள். அவர் மட்டும் "வறண்டு கெடக்குதுங்க" என்று சொல்லிவிட்டு, என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பின்னாலிருந்து ஒவ்வொரு அத்தியாயமாகப் புரட்டினார். கல்யாணப் பந்தியில் விரல் நின்றது.

"இங்கதானுங்க ஒடஞ்சிருக்குது."

"அது நான் ரசிச்சு எழுதின எடமாக்கும்!"

"ரசிச்சதுல அண்ணங்காரன மறந்துட்டீங்க. எலை போட்டதுல இருந்து அவன் வாயே தொறக்கல. தங்கச்சிமேல அவனுக்கு என்ன மனத்தாங்கல்னு இங்க தெரிஞ்சாத்தானுங்களே, நெலத்தக் குடுக்கறப்ப நமக்கு நெஞ்சடைக்கும்?"

ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு பந்தியின் பாயச வர்ணனையைச் சுருக்கி, கடைசிப் பந்தியில் அண்ணனைச் சாப்பிடாமல் எழுந்து போக வைத்தேன். முடிவில் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. அதே முடிவைப் படித்து இப்போது ஆட்கள் அழுதார்கள்! நாவல் கட்டமைப்பு பற்றி நான் கேட்ட சொற்பொழிவுகளையெல்லாம் அந்தப் பந்தி தூக்கிச் சாப்பிட்டுவிட்டது.

தகனம் முடிந்த மறுநாள் வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. புது நாவலை எடுத்துக் கடைசியிலிருந்து தனியே நடந்தேன். நான்காம் அத்தியாயத்தில் துள்ளிக் குதித்தேன். மகள் வீட்டைவிட்டுப் போகும் நாளில், சண்டையை எழுதப் பயந்து, தாயை மூணாறு தேயிலை ஃபேக்டரிக்கு வேலைக்கு அனுப்பியிருந்தேன். சண்டையே போடாதவர்கள் என்ன சமாதானம் ஆவது?

சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை போனேன். அவர் கணவர் பொன்னுசாமி ஒரு நாவலையும் தொட்டதில்லை. துக்க வீடு என்று பார்க்காமல் எல்லாவற்றையும் அவரிடம் கொட்டிவிட்டேன். பொறுமையாகக் கேட்டார்.

"தண்ணி கடைமடைக்கு வந்துருச்சுங்களா?" என்றார்.

"இன்னும் இல்லை அண்ணா. ஒடஞ்ச எடம் தெரிஞ்சுடுத்து."

"அப்பறம் ஏனுங்க இங்க உக்காந்திருக்கறீங்க? போயி அடைங்க. அவ இருந்தா இந்நேரம் தொரத்தியிருப்பா."

பின்னாலிருந்து நடக்கும் அந்த நடையைத்தான் பழனியம்மாள் எனக்கு விட்டுப்போயிருக்கிறார். அன்று மாலையே தாயை ஃபேக்டரியிலிருந்து வீட்டுக்கு வரவழைத்து, மகளுக்கு எதிரே வாசலில் நிறுத்தினேன்.