என் கையிலிருக்கும் சீன எழுத்து

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் மலையில் ஒண்டிக்கடை ஸ்டாப்பில் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். சென்னையிலிருந்து டூர் வந்திருந்த ஒரு காலேஜ் பெண் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்கிள், சைனீஸ் டாட்டூவா? என்ன அர்த்தம்?"

"பொறுமை" என்றேன். வருடக்கணக்காகச் சொல்லிவரும் பதில். வாய் கூசவில்லை.

உண்மை...? உங்களிடம் சொல்வதற்கென்ன, எனக்கே தெரியாது.

எழுபதுகளில் நான் ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குப் பேட்டரி மெஷினோடு பச்சை குத்துகிறவர் ஒருவர் வருவார். அவர் பலகையில் தேள், பாம்பு, அம்பு தைத்த இதயம். எஸ்டேட்டில் பாதிப் பேர் கையில் அதே தேள். படித்தவன் நான், நானும் போய்த் தேள் குத்திக்கொள்வதா? மேனேஜர் பங்களாவில் ஒரு பீங்கான் ஜாடி இருந்தது. அதன் வயிற்றில் ஒரே ஒரு சீன எழுத்து. ஒரு காகிதத்தில் அதை வரைந்து எடுத்துப் போனேன்.

"எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதுங்க. கோட்டைக் காட்டுங்க, இழுத்துடறேன்" என்றார் அவர். இழுத்தும்விட்டார்.

அப்புறம்தான் உறைத்தது. நான் வரைந்த அன்று அந்த ஜாடியைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள்!

போகட்டும், யாருக்குத் தெரியப்போகிறது என்று இருந்தேன். மஞ்சக்குட்டைக்குப் பெண் பார்க்கப் போகும்வரை.

பெண் பெயர் சரசு. காபித் தட்டோடு வந்தவள் என் கையைப் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டாள். கட்டினால் இவளைத்தான் என்று அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன். ஆனால் அவள் அப்பா சிரிக்கவில்லை. மிளகு வியாபாரி. எப்போதும் முழுக்கைச் சட்டை, மணிக்கட்டில் பொத்தான் போட்டிருப்பார்.

"ஏனுங்க தம்பி, கையில என்னங்க அது?"

"சைனா எழுத்துங்க. பொறுமைன்னு அர்த்தம்."

"யாரு சொன்னாங்க?"

நான் கையை மெல்லப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

"சேலத்துல சைனா பல் டாக்டர் ஒருத்தரு இருக்கறாரு. புதங்கிழமை நான் பல்லுப் புடுங்கப் போகோணும். நீங்களும் வாங்க. அவரு படிச்சுச் சொல்லட்டும், அப்பறம் தாம்பூலம் மாத்திக்கலாம்."

புதன்கிழமை மலையிறங்கும் பஸ்ஸில் நான் கும்பிடாத சாமியில்லை. பொறுமை என்று மட்டும் இருந்துவிட்டால்...

டாக்டர் என் கையை இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். பிறகு சிரித்தார்.

"எங்க தாத்தாவுக்குத்தானுங்க படிக்கத் தெரியும். நான் சேலத்துல பொறந்து வளந்தவன். எங்க போர்டுல இருக்கற எழுத்தே என்னன்னு தெரியாது. பெயிண்ட் மங்குனா அது மேலயே பூசிக்குவோம்."

சரசுவின் அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஊட்டுக்குப் போயி யோசிச்சுச் சொல்றேனுங்க தம்பி." அவ்வளவுதான். என் கல்யாணம் அங்கேயே முடிந்துபோனது என்று நினைத்தேன்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். டாக்டர் கடைவாய்ப் பல்லை இழுத்த இழுப்பில் அவர் கை மேலே போக, பொத்தான் தெறித்து, சட்டைக் கை முழங்கைவரை ஏறியது.

உள்ளே பச்சை. தமிழில், தெளிவாக, ஒரு பெண்ணின் பெயர். மூன்றே எழுத்து. அவர் மனைவி பெயரில் ஏழெழுத்து!

நான் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார்.

திரும்பும் பஸ்ஸில் வாயில் பஞ்சோடு உட்கார்ந்திருந்தார். மலைப்பாதையின் பத்தாவது வளைவில் பஞ்சை எடுத்துவிட்டுச் சொன்னார்: "ஊட்டுல அத எங்க செத்துப்போன அத்தை பேருன்னு சொல்லி வெச்சிருக்கறேனுங்க."

"சரிங்க" என்றேன். வேறென்ன சொல்வது?

யோசித்துப் பாருங்கள். கையில் இருப்பதற்கு அர்த்தம் தெரியாதவன் பாவமா, தெரிந்தவன் பாவமா? எனக்கு அவர்மேல் திடீரென்று பாசமே வந்துவிட்டது.

இன்னும் இரண்டு வளைவு கழித்து அவரே சொன்னார்: "உங்களுது பொறுமைன்னே இருக்கட்டுங்க, மாப்ள."

அதுவரை தம்பி. அப்போதுதான் மாப்ள.

கல்யாணமாகி இரண்டு வருடத்தில் மகள் பிறந்தாள். பெயர் வைக்கிற அன்று, மாமியார் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கணவரைப் பார்த்துச் சொன்னார்: "உங்க அத்தை பேரையே வெச்சரலாமுங்க."

மாமனார் உத்தரத்தைப் பார்த்தார். நான் மாமனாரைப் பார்த்தேன்.

"வேற பேரு பாக்கலாமே..."

"எதுக்குங்க? அந்த அத்தைன்னா உங்களுக்கு நொம்பப் பிரியம் ஆச்சே. கையில வெச்சிருந்தது போதும், வாய் நெறையக் கூப்பிட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டு மாமியார் ஒரு சிரிப்புச் சிரித்தார்.

அந்தப் பெயர்தான் வைத்தோம். மாமனார் பேத்தியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. கடைசிவரை "கண்ணு" தான். அவர் போய் மூன்று வருடமாகிறது. மாமியாரின் அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

அதற்குச் சீன எழுத்தே தேவலாம்!