சத்தம் கேட்டால் சாப்பாடு

தெருமுனையில், எங்கள் நாய்க்குக் கேட்காத தூரத்திலேயே நின்று, டக்கு அக்கா நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிச் சொடுக்கிப் பார்ப்பார். ‘டக்.’ ஒலி மங்கலாக இருந்தால் ஒரு மடக்குத் தண்ணீர், மறுபடி ‘டக்.’ திருப்தியானால்தான் எங்கள் வாசல்மணி அடிக்கும். உள்ளே வந்து பார்க்கக் கூடாதா என்று கேட்டேன்.

“அவ காதுல விழுந்தா அப்புறம் குடுத்தே ஆகணுமே, சார்.”

நாய் பழக்குவது அவர் தொழில். சட்டையின் வலது பையில், பட்டாணி அளவில் நறுக்கிய வேகவைத்த கோழி. எத்தனை துவைத்தாலும் வாசம் போகாத பை அது. தெருப் பூனைகள் பின்னாலேயே ஊர்வலம் வரும்.

எங்கள் நாய் மசிக்கு ஒரு கண் போய்விட்டது. மற்றதற்குத் தினமும் சொட்டு மருந்து விடவேண்டும். சொட்டு மருந்து இல்லாமல் வெறும் மாத்திரை கொஞ்ச நாள்தான் தாங்கும், அப்புறம் அந்தக் கண்ணும் போகும் என்றார் மருத்துவர். மசியோ புட்டியைக் கண்டாலே கட்டிலுக்கடியில் புகுந்து உறுமுவாள். என் மணிக்கட்டில் அவள் பல்லின் தடம் இன்னும் இருக்கிறது.

அக்கா முதல் மாலை மருந்தைத் தொடவே இல்லை. தரையில் உட்கார்ந்து, டக், ஒரு துண்டு. டக், ஒரு துண்டு. பதிலுக்கு எதுவும் கேட்கவில்லை. சில நாளில் சத்தத்துக்கே வால் ஆடியது. அதன் பிறகுதான் பேரம்: மோவாயை உள்ளங்கையில் வைத்தால் டக், புட்டி அருகில் வந்தும் எடுக்காதிருந்தால் டக்.

“இந்த வித்தை அப்பவே தெரிஞ்சிருந்தா இவரையும் பழக்கியிருப்பேன்” என்றாள் என் மனைவி.

“இப்பவும் பழக்கலாம்மா. சாருக்கு என்ன பிடிக்கும்?”

“கணக்கு சரியா இருக்குன்னு சொன்னாப் போதும். சோறுகூட வேணாம்.”

ஜன்னலுக்கு மேலே ஒரு பல்லி. அதன் குரலும் அச்சாக அதே ‘டக்.’ மசி உறுமிக்கொண்டிருந்த ஒரு மாலை அது குரல் கொடுக்க, அவள் அக்காவை நிமிர்ந்து பார்த்தாள். அக்கா உடனே துண்டை நீட்டினார்.

“உறுமினதுக்கா?” என்றேன்.

“சத்தம் கேட்டா சாப்பாடு, சார். யார் போட்ட சத்தம்னு அவளுக்கென்ன தெரியும்? இதுல நான் ஏமாத்தினா, நாளைக்கு என்னை நம்பிக் கண்ணைக் காட்டுவாளா?”

“பல்லியை விரட்டிடவா?”

“பாவம், அது பாட்டுக்கு இருக்கட்டும். அந்த ஜன்னல் விளக்கை மட்டும் போடாதீங்க. பூச்சி வரலேன்னா அதுவே வேற சுவருக்குப் போயிடும்.”

பல்லி போகவில்லை. பட்டினியோடு அங்கேயே இருந்தது.

நேற்று மாலை அறையில் பாதி வெளிச்சம். திரை மெல்ல உப்பி அடங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் எல்லோரும் நீருக்கடியில் இருப்பதுபோல் ஓர் அமைதி. மசியின் மோவாய் தானாக வந்து அக்காவின் உள்ளங்கையில் படுத்தது. புட்டியின் நுனியில் சொட்டு திரண்டது, நீண்டது, கண்ணில் விழுந்தது. மசி ஒருமுறை இமைத்தாள். நகரவில்லை.

அக்காவின் தாடை அசைந்தது. சத்தம் வரவில்லை. நாக்கு உலர்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

சுவரிலிருந்து, ‘டக்.’

மசியின் வால் தரையைத் தட்டியது. அக்கா பையிலிருந்து ஒரு பிடி கோழியை அப்படியே அள்ளி அவள் முன்னால் வைத்தார். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்துபோய், ஜன்னல் விளக்கைப் போட்டார்.