மார்ஷ் வீட்டுப் பெண்

"...அது இல்லடா தம்பி, கல்யாணம் ஆகி மகனும் இருக்கான்ங்கிற. அப்புறமும் பொறந்த வீட்டுப் பேரு எப்படி ஒட்டிக்கிட்டு இருக்கும்? அதக் கேட்டுச் சொல்லு" என்றாள் அத்தை.

கேட்கச் சொன்னது சித்தப்பாவை. சிங்கப்பூரிலிருந்து விடுப்பில் வந்திருந்தார். எங்கள் வீட்டில் இங்கிலீஷுக்கு அவர்தான் வாய். எதிரே ஒரு வெள்ளைக்கார அம்மாள், இளநீரை இரண்டு கையாலும் பிடித்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எனக்கு அப்போது ஒன்பது வயதிருக்கும். பாவாடையில் கடலை கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தேன்.

அந்த அம்மாளின் குடும்பப் பெயர் மார்ஷ். மார்ஷ் என்றால் சதுப்பு. இங்கிலாந்தின் கிழக்கே தண்ணீர் வடியாத சேற்று நிலத்தோரம் குடியிருந்தவர்களுக்கு அக்கம்பக்கத்தார் வைத்த பெயராம். பிழைப்பில்லாமல் ஒரு கிளை துறைமுகத்துக்குப் போனது. அதில் ஒருவர் கப்பலேறிச் சென்னைக்கு வந்து, எங்கள் ஊர் வாய்க்காலுக்கு மேற்பார்வையாளராகி, காய்ச்சலில் இங்கேயே செத்தார். அவர் கல்லறையைப் பார்க்கத்தான் இந்த அம்மாள் வந்திருந்தார். இன்னொரு கிளை ஆஸ்திரேலியாவில். நிலம் மாறிக்கொண்டே போனாலும் பெயர் மட்டும் கூடவே போயிருக்கிறது.

"நம்ம அய்யனார் மாதிரிதான்" என்று சித்தப்பா எங்களுக்கு விளங்கவைத்தார். நாங்களும் ஒரத்தநாட்டுப் பக்கமிருந்து வந்தவர்கள்தான். முன்னோர் யாரோ குலதெய்வக் கோயில் மண்ணை ஒரு பிடி அள்ளி மடியில் கட்டி வந்து, வலங்கைமானுக்கு இந்தப் பக்கம் வைத்துக் கும்பிட்டிருக்கிறார்கள். அந்தப் பிடிமண்ணைக் கும்பிடுகிறவன் எந்தச் சீமையில் இருந்தாலும் பங்காளி.

பெரியப்பாவுக்கு இதெல்லாம் ஏறவில்லை. வம்சம் விசாரித்துக்கொண்டு ஒருவர் வந்தால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: பங்கு கேட்டு வருகிறார்கள். அந்தக் கல்லறையோ எங்கள் வயலை ஒட்டிய வாய்க்கால் கரையில் இருந்தது. 'தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு' என்பது அவர் வேதம். அந்த அம்மாள் வருமுன்பே பட்டாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"கல்லு இருக்கிற எடம் பொறம்போக்கு, நம்ம வரப்பு இந்தாண்டன்னு மொதல்லயே சொல்லிடுடா."

"அண்ணே, அவங்க கல்லத் தொட்டுப் பாத்துட்டுப் போயிடுவாங்க."

"மொதல்ல எல்லாரும் தொட்டுதான் பாப்பாங்க" என்றார் பெரியப்பா. சொல்லும்போது அவர் பார்த்தது அத்தையை.

அத்தை அவருக்கு நேர் தங்கை. பிள்ளையில்லாமல், புருஷனும் போய், பிறந்த வீட்டுக்கே வந்துவிட்டவள். வருஷா வருஷம் அறுவடை முடிந்து அய்யனாருக்குப் பொங்கல் வைப்போம். தலைக்கட்டுக்கு, அதாவது பங்குள்ள ஒவ்வொரு குடும்பத்துக்கும், ஒரு பானை: பெரியம்மா, அம்மா, சித்தி என்று வரிசையாக அடுப்புகள். கட்டிக்கொடுத்த பெண் புருஷன் வீட்டுச் சாமிக்குப் போய்விட்டவள்; அவளுக்கு அந்த வரிசையில் இடமில்லை. புருஷன் வீட்டிலோ அத்தையை அழைப்பதையே விட்டிருந்தார்கள். நாங்கள் குலவையிடும்போது அவள் வேனருகில் எங்கள் செருப்புகளுக்குக் காவல் நிற்பாள். "ஓரமா ஒரு சின்னப் பானை வச்சிக்கிறேண்ணே" என்று ஒவ்வொரு வருஷமும் கேட்பாள். "வழக்கமில்ல" என்பார் பெரியப்பா. அடுத்த வருஷமும் கேட்பாள்.

அத்தை கேட்டதற்கு அந்த அம்மாள் பதில் சொன்னார். அவர்கள் நாட்டிலும் கல்யாணமானால் பெண்கள் புருஷன் பேருக்கு மாறுவதுதானாம். இவர் மாறவில்லை. அப்பாவுக்கு ஒரே பிள்ளை. மகன் அவனுடைய அப்பா பேரில் இருக்கிறான். இந்தக் கிளையில் மார்ஷ் என்று இனி இவர் ஒருவர்தான்.

"மாத்த வேணாம்னு யாரு உத்தரவு குடுத்தா?" என்று கேட்டாள் அத்தை.

சித்தப்பா சிரித்துக்கொண்டே கேட்டார். பதில் வந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"யாரையும் கேக்கவே இல்லையாம், அக்கா."

சாயங்காலம் வாய்க்கால் கரைக்குப் போனோம். கல்லில் பாசியைத் துடைத்தபோது மார்ஷ் என்ற எழுத்து மட்டும் தெரிந்தது. அந்த அம்மாள் உள்ளங்கையை அதன்மேல் வைத்து வெகுநேரம் நின்றார். அத்தை கல்லடியில் ஒரு பிடி மண் அள்ளி, முந்தானை நுனியைக் கிழித்து முடிந்து, அவர் கையில் வைத்து மூடினாள். பெரியப்பா தொண்டையைச் செருமினார். "மண்ணுதானே, போவட்டும்" என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அய்யனார் கோயில் பொங்கல். மூன்று அடுப்பும் மூட்டியாகிவிட்டது. அத்தை வேனிலிருந்து இறங்கி வந்தாள். இடுப்பில் மஞ்சள் கட்டிய புதுப் பானை. அம்மா சத்தமில்லாமல் தன் விறகை ஒரு சாண் ஒதுக்கிக்கொண்டாள்.

"என்ன இது? இப்ப எதுக்கு அடி போடுற?" என்றார் பெரியப்பா.

கைப்பிடி அரிசிகூடக் கொள்ளாத பானை அது. அதைப் பார்த்து, அத்தனை வேலி நிலத்துக்குச் சொந்தக்காரர் குரல் ஏன் நடுங்கவேண்டும்? அதட்டினால் அழுதுவிடுகிற அத்தை ஏன் அன்று அவர் பக்கம் திரும்பவேயில்லை? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எல்லாருக்கும் ஒரு பங்கு பொங்கல் கூடுதல் என்றுதான் நினைத்தேன்.

அத்தை மூன்று கல்லைக் கூட்டி, பானையை ஏற்றி, மண்டியிட்டு அடுப்பை ஊதினாள்.