ஆடி மாதத்துத் தோணியும் ஒற்றை ஸ்டாரும்

போன ஞாயிற்றுக்கிழமை காலை. காபியும் கையுமாக ஈ-ரீடரைத் திறந்தேன். திரையில் இரண்டு அட்டைப்படங்கள், அருகருகே. ஒன்று, இந்தப் பத்தியில் வாராவாரம் எழுதியதைச் சேர்த்துப் போட்ட என்னுடைய கட்டுரைத் தொகுப்பு. அதன் கீழே சின்ன எழுத்தில் — ஆறு சதவீதம். இன்னொன்று ‘வெங்காயத் தோணியில் ஒரு பிணம்’. அதன் கீழே — எண்பத்தொன்று சதவீதம்.

அந்தப் பிணத்தை நான் தொட்டதே இல்லை. அப்படியானால் படித்தது யார்?

விஷயம் இதுதான். பெங்களூருவில் வேலை பார்க்கும் மகள் இந்த ஈ-ரீடரை எனக்கு வாங்கிக் கொடுத்தபோது, அவள் அம்மாவின் போனில் இருந்த கணக்கையே இதிலும் போட்டுவிட்டாள். “ஒரே கணக்கு போதும்ப்பா. ஒருத்தர் வாங்குனா ரெண்டு பேரும் படிக்கலாம்லா” என்றாள். சிக்கனமான பிள்ளை. ஒருவர் எதுவரை படித்திருக்கிறார் என்பது மற்றவருக்கும் தெரியும் என்பதைத்தான் சொல்லவில்லை.

ஆக, சமையலறையில் போனைப் பார்த்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாளே என் மனைவி... ரீல்ஸ் பார்க்கிறாள் என்றல்லவா நினைத்தேன்? அவள் புத்தகம் படித்துக்கொண்டிருந்திருக்கிறாள். அதுவும் செல்வினுடைய புத்தகம்.

செல்வின் யாரென்று சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் என் பெஞ்சில் உட்கார்ந்தவன். இப்போது தூத்துக்குடி பழைய துறைமுகத்தில் தோணி ஏஜென்ட். மாலத்தீவுக்கு வெங்காயமும் ஜல்லியும் ஏற்றி அனுப்புகிறவன். சரக்கு ஏறும்வரை ஆபீஸில் சும்மா உட்கார்ந்திருக்கும் நேரத்தில், போனில் கட்டைவிரலால் தட்டித் தட்டி ஒரு கொலைக் கதை எழுதினான். பதிப்பாளர் கிடையாது, பிரூஃப் கிடையாது, முன்னுரை கிடையாது. வெங்காய மூட்டையை ஏற்றுவது மாதிரி நேராக ஆன்லைனில் ஏற்றிவிட்டான்.

இப்போது ஊரே படிக்கிறது. பரோட்டா கடை அண்ணாச்சி எனக்குச் சால்னா ஊற்றிக்கொண்டே கேட்கிறார், “செல்வின் உங்க கூட்டாளியாம்லா? கொலகாரன் யாருன்னு கேட்டுச் சொல்லுங்களேன். எனக்கு இருப்புக் கொள்ளல.” இதே அண்ணாச்சிக்கு என் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டு இலவசமாகக் கொடுத்திருக்கிறேன். அதைப் பற்றி இன்றுவரை மூச்சே விடவில்லை மனிதர்.

என் அச்சுப் புத்தகங்கள்? விற்காததைப் பதிப்பாளர் கட்டுக்கட்டாகத் திருப்பி அனுப்பிவிட்டார். கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றன. இந்த ஊர் உப்புக் காற்றுக்கு அட்டையெல்லாம் வளைந்துவிட்டது. ஒரு கட்டு மட்டும் உருப்படியான வேலை செய்கிறது — வாஷிங் மெஷின் ஆடாமல் இருக்க முட்டுக் கொடுத்திருக்கிறோம்.

பொறாமையா என்று கேட்பீர்கள். ஆமாம், பொறாமைதான். இதில் என்ன மூடி மறைக்க இருக்கிறது? ஊர் படித்தால்கூடப் போகட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து, என் எழுத்தை இவள் படிக்கமாட்டாளா என்று ஏங்குகிறவன் நான். “அப்புறமா படிக்கேன்” என்பாள். அந்த அப்புறம் ஆறு சதவீதத்தில் நிற்க, செல்வின் எண்பத்தொன்றில் ஓடிக்கொண்டிருந்தால் வயிறு எரியாதா?

பிணத்தின் மேல் விரலை வைத்தேன். ‘இன்னொரு கருவியில் இதைவிடத் தள்ளிப் படித்திருக்கிறீர்கள், அங்கே போகலாமா?’ என்று கேட்டது மெஷின். அதன் திமிரைப் பாருங்கள். வேண்டாம் என்று அழுத்திவிட்டு முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். ரசிக்க அல்ல... தப்புக் கண்டுபிடிக்க.

சந்திப்பிழைகள் நிறைய இருந்தன. சந்தோஷமாக இருந்தது. பக்கங்கள் வேகமாகவும் ஓடின. அது அவ்வளவு சந்தோஷமாக இல்லை. பாதிக்குக் கொஞ்சம் முன்னால் எனக்கு வேண்டியது கிடைத்தது. கொலை நடந்தது ஆடி மாதம். அன்றைக்கு நீ எங்கே இருந்தாய் என்று போலீஸ் கேட்க, தோணி முதலாளியின் மருமகன் சொல்கிறான் — நான் ஊரிலேயே இல்லை, சரக்குத் தோணியில் மாலத்தீவு போய்க்கொண்டிருந்தேன்.

ஆடியிலா? தூத்துக்குடியில் பிறந்த எவனாவது இப்படி எழுதுவானா? ஆனி, ஆடியில் கடல் கொந்தளிக்கும். தோணிகளெல்லாம் துறைமுகத்திலேயே கட்டிக்கிடக்கும். தோணிக்காரர்கள் வீட்டில் பிள்ளைகுட்டிகளோடு இருப்பார்கள். இது தோணி ஏஜென்ட்டுக்கே தெரியவில்லையே! சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அதற்கு மேல் ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை. படிக்க வேறு என்ன இருக்கிறது?

விமர்சனம் எழுதும் இடத்துக்குப் போனேன். ஒற்றை ஸ்டார் போட்டேன். ‘அன்பு வாசகரே... ஆடியில் தோணி விடும் இந்த ஆசிரியர் கடலைக் கண்ணால் பார்த்ததுண்டா? கண்ணீர் வருகிறது — ஆனால் அது வெங்காயத்தால் அல்ல...’ என்று ஒரு போடு போட்டேன். பெயர் தெரியாமல் எழுதுவதில் இருக்கும் சுகமே தனி.

பெயர் தெரியாமலா? அந்தக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று யோசித்தேனா? யோசிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் செல்வின் வீட்டுக்கு வந்தான். கையில் மக்ரூன் பொட்டலம். முகம் மட்டும் சரியில்லை.

“தங்கச்சி, கத பிடிக்கலன்னா நேர்லயே சொல்லியிருக்கலாம்லா” என்றான் என் மனைவியிடம். “இப்படி ஒத்த ஸ்டாரப் போட்டுட்டியேம்மா.”

“நானா? என்னண்ணே சொல்லுதிய? சோறு பொங்கும்போதுகூட அதத்தான படிச்சிக்கிட்டு இருக்கேன்.”

அவன் போனை நீட்டினான். மேலே என் மனைவியின் பெயர். அதற்குக் கீழே ஒற்றை ஸ்டார். அதற்கும் கீழே என் தமிழ். நான் மக்ரூன் பொட்டலத்தின் நூலை அவிழ்ப்பதில் மும்முரமாக இருந்தேன்.

அவள் முழுவதும் வாசித்துவிட்டு நிதானமாக என் பக்கம் திரும்பினாள். “‘அன்பு வாசகரே’ன்னு மூணு புள்ளி வைக்கிற ஆளு இங்கன ஒருத்தருதான் இருக்காரு” என்றாள்.

செல்வின் கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பாவி, சிரித்தான். “ஏல, ஆடியில தோணி போகாதுன்னு எனக்குத் தெரியாதால? அதாம்ல கதையோட முடிச்சே. அவன் பொய் சொல்லுதான்னு அத வச்சித்தான்...”

“அண்ணே, மிச்சத்தச் சொல்லிராதிய” என்று என் மனைவி காதைப் பொத்திக்கொண்டாள். “எனக்கு இன்னும் கொஞ்சம் இருக்கு.”

பார்த்தீர்களா? அவள் பெயரில் நான் செய்த அக்கிரமம் அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. செல்வின் கதையின் முடிவு முன்னாடியே தெரிந்துவிடக் கூடாது... அதுதான் பெரிதாக இருந்தது. செல்வின் எனக்கும் ஒரு மக்ரூனை எடுத்துக் கொடுத்தான். இனிக்கவே இல்லை.

அவன் போனதும் என் மனைவி அந்த விமர்சனத்தை அழித்துவிட்டு அஞ்சு ஸ்டார் போட்டாள். எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. “அவன எண்பத்தொண்ணு வரைக்கும் படிச்சிருக்க. என்ன மட்டும் ஆறுலயே விட்டுட்டியே, ஏன்?” என்று கேட்டேன்.

“உங்க புஸ்தகத்துல பூரா நான்தான வாரேன்” என்றாள். “நான் பேசுனது, நான் உளறுனது, நான் பயந்தது... ஊரே படிச்சிச் சிரிக்குது. செல்வின் அண்ணன் புஸ்தகத்துல நான் இல்ல. அதான் நிம்மதியா படிக்கேன்.”

கோபமாகச் சொல்லவில்லை. பருப்பைக் களைந்துகொண்டே சொன்னாள்.

அவள் அந்தப் பக்கம் போனதும் ஈ-ரீடரில் என் புத்தகத்தைத் திறந்தேன். அவள் நிறுத்திய இடத்துக்கே மெஷின் என்னைக் கொண்டுபோய் விட்டது. மகள் குடியிருக்கும் அபார்ட்மென்டில், லிஃப்டுக்குள் நுழையுமுன் என் மனைவி செருப்பை வெளியே கழற்றிவிட்டு ஏறிய கதை. இந்தப் பத்தியில் அது வந்தபோது, ‘விழுந்து விழுந்து சிரித்தோம்’ என்று வாசகர்கள் நீங்கள்கூட எழுதியிருந்தீர்கள். லிஃப்ட் கதவு மூடி, செருப்பு கீழேயே தங்கிவிட, உள்ளே நின்றவர்களெல்லாம் அவள் காலைப் பார்க்கிறார்கள். அந்த வரியோடு அவள் படிப்பதை நிறுத்திவிட்டாள். எழுதும்போது நானும் சிரித்துக்கொண்டேதான் எழுதினேன். இப்போது சிரிப்பு வரவில்லை.

அதனால்தான் உங்களுக்கு அனுப்புவதற்கு முன் இந்தப் பத்தியைப் போனிலேயே அவளிடம் படிக்கக் கொடுத்தேன். “இதுலயும் நீதான் வார. வேண்டாம்னா சொல்லு, அழிச்சிருதேன்” என்றேன்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நின்றபடியே, கடைசி வரி வரைக்கும் படித்தாள். ஆறு அல்ல, எண்பத்தொன்றும் அல்ல — நூறு சதவீதம். இதற்காகத்தானே இத்தனை காலம் காத்திருந்தேன்? மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன்.

“அனுப்புங்க” என்று போனைத் திருப்பிக் கொடுத்தாள். “ஆமா... செல்வின் அண்ணன் அடுத்த புஸ்தகம் எப்பப் போடுதாவளாம்?”