மாமா குடித்த ஷிராஸ் சாறு

போன வருடம் மாசி மாதக் கடைசியில் நடந்தது இது. கர்நாடகாவில் ஒரு திராட்சைத் தோட்டத்தில் அறுவடை வேலையை முடித்துவிட்டு நான் மட்டும் ஊருக்கு வந்திருந்தேன். வடக்கனந்தலுக்குப் பக்கத்தில், மலை ஏறுகிற ரோட்டை ஒட்டி எங்கள் ஊர். வீட்டுக்காரர் சொட்டுநீர்க் குழாய் மாற்றும் வேலைக்காக அங்கேயே தங்கிவிட்டார். வீட்டில் மாமனார் ஒருவர்தான். மாமியார் போய்ச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. அவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன்.

நாங்கள் பறித்தது நீங்கள் கடையில் வாங்கித் தின்னும் திராட்சை இல்லை. ஷிராஸ் என்று பெயர். சிவப்பு ஒயின் போடுகிற திராட்சை, உலகம் முழுக்கப் பேர் போனதாம். மூன்று வருடமாக அதன் கொத்தை வெட்டியிருக்கிறேனே தவிர, அந்த ஒயினில் ஒரு சொட்டு நாக்கில் வைத்ததில்லை. பழம் சுண்டைக்காய் அளவுதான் இருக்கும். தோல் தடிப்பு. கடித்தால் கொட்டைதான் முதலில் பல்லில் மாட்டும். ஆனால் இனிப்பு என்றால் அப்படி ஓர் இனிப்பு. எங்கள் சூப்பர்வைசர் கையடக்கமான ஒரு குழாயின் கண்ணாடியில் ஒரு சொட்டுச் சாறு விட்டு, வெயில் பக்கம் தூக்கிப் பார்த்து எண் சொல்வார். சாப்பிடுகிற திராட்சை பதினெட்டு காட்டினாலே பெரிது, இது இருபத்து நாலு தொடாமல் கத்தரியை வைக்கக் கூடாது என்பார். அதன் சாயம் விரலில் ஏறினால் ஒரு வாரத்துக்குப் போகாது.

கடைசி நாள் அவரைக் கேட்டு ஒரு பை நிறைய பழம் வாங்கிக்கொண்டேன். மாமாவுக்குத் தித்திப்பு என்றால் உயிர். பெங்களூரில் ஒரு பஸ், சேலத்தில் ஒரு பஸ், அங்கிருந்து கள்ளக்குறிச்சிக்கு நின்றுகொண்டே வந்த இன்னொரு பஸ். ஊர் வந்து பையைத் திறந்தால் பழமெல்லாம் நசுங்கிக் கூழாகிக் கிடந்தது. தூக்கி எறிய எனக்கு மனசு வருமா? வெள்ளைத் துணியில் போட்டுப் பிழிந்து, ஐந்து லிட்டர் கேனில் பாதிக்குமேல் ஊற்றி நிழலில் வைத்தேன். எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது. நானும் ஒரு டம்ளர் குடித்தேன். மாமா குடித்துவிட்டு இன்னொன்று கேட்டார்.

"இதுலதான் ஒயின் போடுவாங்க மாமா" என்று சொன்னேன். அதுதான் நான் செய்த முதல் தப்பு.

மாமாவுக்கு அது பெருமையாகப் போய்விட்டது. டீக்கடையில் போய், "எம் மருமவ ஒயின் திராட்சை கொண்டாந்துகீறா, டம்ளர் டம்ளரா குடிச்சினுகீறேன்" என்று ஊதா உதட்டோடு சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அடுத்த நாளும் தாகம் தாகம் என்று அதையேதான் எடுத்து எடுத்துக் குடித்தார். சில மாதமாகவே அவருக்குத் தாகம் ஜாஸ்தி. ஆளும் இளைத்திருந்தார். வயசாகிறது, சோறு கம்மியாகத் தின்கிறார் என்று நாங்கள் விட்டுவிட்டோம்.

மூன்றாம் நாள் காலையில் கேனைத் திறந்தால் நுரை கட்டியிருந்தது. மூடி 'புஸ்' என்றது. இனி மாமாவுக்குத் தரக் கூடாது என்று நினைத்துக்கொண்டே துணி துவைக்கப் போனேன். திரும்பி வந்தபோது மாமா வாசலிலேயே வாந்தி எடுத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூச்சு இழுத்து இழுத்து வந்தது. கிட்டே போனால் வாயிலிருந்து அழுகின பழ வாடை.

"கண்ணு மசமசன்னு கீதுமா. நீ எங்க நிக்கிற?" என்றார்.

வேறு மாவட்டத்தில் யாராவது கண் மங்குகிறது என்றால் கண் டாக்டரிடம் போகச் சொல்வார்கள். எங்கள் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் அந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான். அதற்கு முந்தின வருடம் கள்ளச்சாராயம் குடித்து அத்தனை பேர் அப்படித்தான் போனார்கள். வாந்தி, அப்புறம் கண், அப்புறம் மூச்சு. எங்கள் பக்கத்துத் தெருவிலிருந்தே ஒருவரைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஓடியதைப் பார்த்தவள் நான். இப்போது என் கையால் பிழிந்த சாறு மாமாவை அதே மாதிரி செய்துவிட்டதோ என்று நினைத்ததும் வாய்விட்டுக் கத்திவிட்டேன்.

பக்கத்து வீட்டில் ஆட்டோ ஓட்டும் ஒருவர் இருக்கிறார். என்னை அண்ணி என்பார். நான் போட்ட கூச்சலில் ஓடி வந்தார். மாமாவை ஒரு பார்வை, நுரைத்த கேனை ஒரு பார்வை. அவ்வளவுதான்.

"அண்ணி, இன்னா காரியம் பண்ணிக்கினு கீறீங்க? பார்த்தா ஊறல் மாதிரியே கீது. மொதல்ல அத்தக் கொட்டுங்க. போலீசு வந்தா உங்களத்தான் இட்டுக்கினு போவும்."

எங்கள் ஊர் வழியாகத்தான் ஊறல் அழிக்கிற போலீஸ் ஜீப்புகள் மலைக்கு ஏறும். சாராயம் காய்ச்சுவதற்காகப் பீப்பாயில் புளிக்கப் போடுவதைத்தான் ஊறல் என்பார்கள். என் கேன் அப்படித்தான் இருந்தது. மாமா மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்கிறார், நான் என்ன செய்தேன் தெரியுமா? கேனைத் தூக்கிப் போய்ச் சாக்கடையில் கவிழ்த்தேன். ரெண்டு தடவை தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். அதன் பிறகுதான் மாமாவை ஆட்டோவில் ஏற்றினேன்.

கள்ளக்குறிச்சி வரைக்கும் மாமாவின் தலை என் தோளில் கிடந்தது. வழியில் ரெண்டு தடவை, "விடிஞ்சிடுச்சாம்மா?" என்று கேட்டார். மணி பதினொன்று. வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்ததும் ஓர் இளம் டாக்டரம்மா ஓடி வந்தார். விரலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். கண்ணில் டார்ச் அடித்தார்கள். அவர் குனிந்து வாயை முகர்ந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்னம்மா குடிச்சாரு?"

"ஒண்ணும் குடிக்கல மேடம்."

சொல்லிவிட்டேன். யோசிக்கவே இல்லை, வாய் தானாகச் சொன்னது. ஊதாச் சாயம் ஏறிய ரெண்டு கையையும் முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டேன். என் பயமெல்லாம் அப்போது வாசலில் நின்ற ஒரு போலீஸ்காரர் மேல்தான் இருந்தது. அவர் வேறு ஏதோ வேலையாக வந்தவர், எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

டாக்டரம்மா விடவில்லை. "அம்மா, சக்கரை மிஷின் காட்ட முடியாத அளவுக்கு ஏறியிருக்கு. ஆனா சாராயம் குடிச்சாலும் மூச்சு இப்படித்தான் வாங்கும், கண்ணும் இப்படித்தான் ஆகும். எதுன்னு தெரிஞ்சாத்தான் நான் எதுக்கு வைத்தியம் பண்றதுன்னு முடிவு பண்ண முடியும். குடிச்சாரா, இல்லையா?"

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேனோ. ஐந்து நிமிடம் இருக்கலாம், பத்தும் இருக்கலாம். அதற்குள் நர்ஸ் ரெண்டு தடவை வந்து கேட்டுவிட்டுப் போனார். அப்போது மாமா கையை நீட்டிக் காற்றில் துழாவினார். நான் பிடித்துக்கொண்டேன்.

"யாரு?" என்றார். "எம் மருமவள வரச் சொல்லுங்க. அவ பயந்துக்கினு கெடப்பா."

அவ்வளவுதான், உடைந்துவிட்டேன். முந்தானையை விட்டு ரெண்டு கையையும் டாக்டரம்மா முன்னால் நீட்டினேன். எல்லாவற்றையும் கொட்டினேன். ஷிராஸ் என்ற பெயர், எந்த நாள் பிழிந்தது, எத்தனை டம்ளர், நுரை வந்தது, சாக்கடையில் கொட்டியது, எல்லாம். "நானும் குடிச்சேன் மேடம், என்னைப் பரிசோதிச்சுப் பாருங்க. கேஸ் வேணும்னா போட்டுக்கங்க, அவரைக் காப்பாத்துங்க" என்று அழுதேன்.

"நீங்க எப்ப குடிச்சீங்க? கண்ணு நல்லாத் தெரியுதா? வேற யாராவது குடிச்சாங்களா?" என்று வரிசையாகக் கேட்டார். வேறு எங்காவது சாராயம் குடித்திருப்பாரா என்றும் கேட்டார். சாராயக் கடைப் பக்கமே போகாத மனுஷன் என்றேன். உடனே நர்சைக் கூப்பிட்டு இன்சுலின், சலைன் என்று என்னென்னவோ சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "இது விஷமில்லம்மா. அந்தப் பழ வாடையும் சக்கரை ஏறினதாலதான். இவருக்கு ரொம்ப நாளாச் சக்கரை இருந்திருக்கு, யாருக்கும் தெரியல. அதுக்கு மேல ரெண்டு நாளா நீங்க சக்கரைப் பாகையே குடுத்திருக்கீங்க" என்றார்.

இருபத்து நாலு என்று சூப்பர்வைசர் வெயிலில் தூக்கிப் பார்த்துச் சொல்வாரே, அது நூறு பங்கு சாற்றில் இருபத்து நாலு பங்கு சர்க்கரை என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. அதுவரை அது எனக்கு அறுவடையைத் தொடங்கலாம் என்று சொல்கிற எண், அவ்வளவுதான். போலீஸ் வரவில்லை, கேஸும் வரவில்லை. சொந்தப் பழத்தைப் பிழிந்து குடித்ததற்கு யார் என்ன கேஸ் போடப்போகிறார்கள் என்று டாக்டரம்மா லேசாகச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆஸ்பத்திரியில் சேர்த்த நான்காம் நாள் மாமாவுக்குப் பார்வை தெளிந்தது. என்னைப் பார்த்ததும், "இன்னாமா, இப்புடி எளச்சிப் போயிட்ட?" என்றார். ஆளே பாதியாகக் கிடந்தவர் என்னைப் பார்த்துக் கேட்கிறார். இப்போது காலையும் மாலையும் நான்தான் ஊசி போடுகிறேன். திராட்சைத் தோட்டத்துக்குப் போகவில்லை.

ஊரில் யார் வந்தாலும் மாமா இந்தக் கதையைச் சொல்கிறார். "எம் மருமவ மட்டும் ஒடனே இட்டுக்கினு போவலன்னா நான் இந்நேரம் இல்ல" என்பார். வந்தவர்கள் என்னைப் பார்த்துத் தலையாட்டுவார்கள். நான் அடுப்பங்கரைக்குள் போய்விடுவேன். அந்தச் சாராயச் சாவு நடந்தபோது, குடித்ததை டாக்டரிடம் மறைத்த குடும்பத்தாரை நான் வாய்க்கு வந்தபடி ஏசியிருக்கிறேன், இதுகளெல்லாம் மனுஷங்களா என்று. மாமா மூச்சுக்குத் தவித்துக்கொண்டு என் பயத்துக்காக வருத்தப்பட்டார். நான் பக்கத்தில் நின்றுகொண்டு என்னைக் காப்பாற்றிக்கொள்ள வாயை மூடிக்கொண்டிருந்தேன். அது மாமாவுக்கும் தெரியாது, என் வீட்டுக்காரருக்கும் தெரியாது. அந்தப் பத்து நிமிடத்துக்கு அப்புறம் நான் யாரையும் ஏசுவதில்லை.